லோடு ஆட்டோ பிரேக் லைனர் எவ்வளவு நாள் வரும்? ஏற்காடு மலை இறங்கும் வண்டிகளுக்கு ஒரு கணக்கு

"அண்ணே, லைனர் மாத்துனா எவ்வளவு ஓடும்?"

"இருபதாயிரம் வரும் தம்பி."

சேலத்தில் எந்த ஆட்டோ ஸ்டாண்டில் கேட்டாலும் ஏறக்குறைய இதே பதில்தான் கிடைக்கும். சூரமங்கலம் ஜங்ஷனுக்கும் புது பஸ் ஸ்டாண்டுக்கும் நடுவே ஆள் ஏற்றி ஓடுகிற வண்டிக்கு இந்தக் கணக்கு பெரிய தப்பில்லை. ஆனால் லீ பஜாரில் மளிகைச் சாமான் ஏற்றிக்கொண்டு ஏற்காடு போய், வரும்போது மிளகோ காப்பிக்கொட்டையோ ஆரஞ்சோ போட்டுக்கொண்டு இறங்குகிற லோடு ஆட்டோவுக்கு அதே லைனர் பாதித் தூரம்கூட வராது. லைனர் மட்டம் என்று கடைக்காரரோடு சண்டை போடுவதில் பலன் இல்லை. பெரும்பாலான நேரம் லைனர் சரியாகவே இருக்கும். அது பட்ட சூட்டை யாரும் கணக்கில் எடுத்திருக்க மாட்டார்கள்.

முதலில் ஒரு வார்த்தைக் குழப்பம். மூன்று சக்கர வண்டிக்கு "பிரேக் பேட்" கேட்டு வருகிறவர்கள் உண்டு. பேட் என்பது டிஸ்க் பிரேக்குக்கு உரியது. நம் பக்கம் ஓடுகிற ஆள் ஆட்டோ, லோடு ஆட்டோ பெரும்பாலானவற்றில் மூன்று சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். டிரம்முக்குள் பிறை மாதிரி வளைந்த ஷூ இரண்டு இருக்கும். ஷூவின் முதுகில் ஒட்டியோ ரிவிட் அடித்தோ வைத்திருக்கும் லைனர்தான் தேய்கிற பாகம். காலால் மிதித்தால் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து பிரேக் ஆயில் மூன்று வீல் சிலிண்டருக்கும் போய் ஷூவை விரித்து டிரம்மில் அழுத்தும். ஹேண்ட் பிரேக் கேபிள் பின்சக்கரங்கள் இரண்டை மட்டும் பிடிக்கும்.

இனி மலைக்கு வருவோம். ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம். அங்கிருந்து 20 கொண்டை ஊசி வளைவு சுற்றி அடிவாரம் வந்து சேர்வதற்குள் வண்டி சுமார் 1,100 மீட்டர் இறங்கிவிடுகிறது. வண்டியும் சரக்கும் டிரைவரும் சேர்த்து 1,000 கிலோ என்று வைத்துக்கொண்டால், அந்த இறக்கத்தில் வெளிவரும் சக்தி கிட்டத்தட்ட 3 யூனிட் கரண்ட். அதாவது 1,000 வாட் இஸ்திரிப் பெட்டி ஒன்று 3 மணி நேரம் விடாமல் எரிந்தால் வருகிற சூடு. முக்கால் மணி நேரத்தில் இறங்கினால், வண்டிக்கு அடியில் நான்கு இஸ்திரிப் பெட்டி சேர்ந்து எரிகிற மாதிரி. இந்தச் சூட்டில் ஒரு பங்கை எஞ்சின் வாங்கிக்கொள்ளும், கொஞ்சத்தைக் காற்றும் டயரும் வாங்கும், மிச்சம் முழுக்க மூன்று டிரம்முக்கும் லைனருக்கும்தான்.

இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். அதே 1,000 கிலோ வண்டி 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும்போது ஒரு தடவை பிடித்து நிறுத்தினால் உண்டாகும் சூட்டைப் போல சுமார் 175 மடங்கு, ஒரே ஒரு மலை இறக்கத்தில் உண்டாகிறது. டவுனுக்குள் 175 தடவை நிறுத்தினாலும் ஒவ்வொன்றுக்கும் நடுவே டிரம் ஆற நேரம் கிடைக்கும். மலையில் அந்த இடைவெளி கிடையாது.

லைனரில் நார், உலோகத் தூள் எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்து வைத்திருப்பது ஒரு பிசின். 250, 300 டிகிரி தாண்டினால் அந்தப் பிசின் கருக ஆரம்பிக்கும். கருகிய பிறகு பிடிமானம் போய் லைனர் பொடிப்பொடியாக உதிரும். 100 டிகிரியில் தேய்கிற லைனருக்கும் 300 டிகிரியில் தேய்கிற லைனருக்கும் ஒரே கிலோமீட்டர் கணக்குப் போட முடியாது. ஆகவே மலை வண்டிக்காரர்கள் எத்தனை தடவை லோடோடு இறங்கினோம் என்று எண்ணுவது நல்லது. ஏற்காட்டுக்குள்ளேயே ஓடுகிற ஆள் ஆட்டோக்களுக்கும் இது பொருந்தும். சேர்வராயன் கோயில் ரோடு, கிளியூர் அருவிப் பக்கம் எல்லாம் ஏற்ற இறக்கம்தான். கிலோமீட்டர் குறைவாக இருந்தாலும் பிரேக் வேலை அதிகம்.

உங்கள் வண்டிக்கு உங்கள் கணக்கைப் போடுவதற்கு வேண்டியது ஒரு வெர்னியர் காலிப்பரும் ஒரு நோட்டும்தான். புது ஷூ போடும் அன்றே லைனரின் கனத்தை அளந்து எழுதிவிடுங்கள். பொதுவாக 4 முதல் 5 மில்லிக்குள் இருக்கும். இரும்பு ஷூவைச் சேர்க்காமல் லைனரை மட்டும் அளக்க வேண்டும். மேல் முனை, நடு, கீழ் முனை என்று மூன்று இடத்தில் அளந்து, குறைவாக இருப்பதையே கணக்கில் எடுங்கள். பிறகு 5,000 கிலோமீட்டர் ஓடியதும் திறந்து மறுபடி அளக்க வேண்டும்.

புதிதில் 4.5 மில்லி இருந்தது, 2 மில்லி வந்தால் மாற்றப்போகிறோம் என்று வையுங்கள். தேய்வதற்கு 2.5 மில்லி கையில் இருக்கிறது. 5,000 கிலோமீட்டரில் 0.6 மில்லி தேய்ந்திருந்தால், ஆயிரத்துக்கு 0.12 மில்லி. 2.5-ஐ 0.12-ஆல் வகுத்தால் 20,800 கிலோமீட்டர் வரும். ஸ்டாண்டில் சொன்ன கணக்கு உங்கள் வண்டிக்குச் சரி. அதே 5,000-ல் 1.5 மில்லி போயிருந்தால் ஆயிரத்துக்கு 0.3 மில்லி, மொத்தம் 8,300 கிலோமீட்டர்தான். 8,000-க்கு முன்னாலேயே ஷூ வாங்கி வைத்துவிடலாம். மூன்று சக்கரத்துக்கும் தனித்தனியாக எழுத வேண்டும். இந்த நோட்டு மூன்று தடவை லைனர் மாற்றுவதற்குள் வண்டியின் ஜாதகமாகிவிடும். எந்தச் சக்கரம் எப்போது கோளாறு செய்கிறது என்பதை மெக்கானிக்குக்கு முன்னால் நீங்களே சொல்வீர்கள்.

2 மில்லி என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. ரிவிட் அடித்த லைனரில் ரிவிட் தலை லைனருக்குள் பதிந்திருக்கும். லைனர் அதற்கு மேலும் தேய்ந்தால் ரிவிட் தலை டிரம்மில் உரசும். ஒரு வாரம் அப்படி ஓடினாலே டிரம்மில் விரல் நகம் மாட்டுகிற அளவுக்குக் கோடு விழுந்துவிடும். ஒட்டிய லைனர் இன்னும் கொஞ்சம் தேயத் தாங்கும். ஆனால் லைனர் மெலிந்தால் டிரம்மின் சூடு சீக்கிரம் வீல் சிலிண்டருக்கு ஏறும், அதனால் அதற்கும் 2 மில்லியிலேயே நிறுத்திக்கொள்வது மலை வண்டிக்கு நல்லது.

டிரம்மைத் திறக்கும் வேலை மாடலுக்கு மாடல் மாறும். சிலவற்றில் வீல் நட்டைக் கழற்றினால் டிரம் தனியாக வரும், சிலவற்றில் ஸ்பிளிட் பின் எடுத்து நடு நட்டையும் கழற்ற வேண்டும். ஆனால் எந்த வண்டிக்கும் பொதுவான சில விஷயங்கள் உண்டு. சமதரையில் நிறுத்தி, கழற்றாத சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை வையுங்கள். பின் டிரம் எடுக்கும்போது ஹேண்ட் பிரேக்கை விட்டிருக்க வேண்டும். ஷூவுக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியைக் கூட்டிக் குறைக்கும் அட்ஜஸ்டரைத் தளர்த்தாமல் டிரம்மை இழுக்கக் கூடாது. தேய்ந்த டிரம்மின் ஓரத்தில் ஒரு வரம்பு நின்றுவிடும், அதில் ஷூ மாட்டிக்கொண்டு ஸ்பிரிங் அறுந்துவிடும். டிரம் வெளியில் இருக்கும்போது யாரும் பெடலை மிதிக்கக் கூடாது. மிதித்தால் வீல் சிலிண்டரின் பிஸ்டன் வெளியே வந்து விழுந்து, ஆயில் கொட்டி, காற்றும் புகுந்து, அரை மணி நேர வேலை அரை நாள் வேலையாகிவிடும். உள்ளே இருக்கும் தூசியை வாயால் ஊதவோ ஏர் அடிக்கவோ வேண்டாம். விலை குறைந்த லைனர்களில் கல்நார் கலந்திருக்கலாம், நெஞ்சுக்குள் போனால் அது வெளியே வராது. ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போட்டுவிடுங்கள். பட்டறையில் சின்னப் பையன்களை இந்தத் தூசி தட்டும் வேலைக்கு விடுவதை எல்லோரும் நிறுத்த வேண்டும்.

திறந்ததும் முதலில் இரண்டு ஷூவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று கூடுதலாகத் தேய்ந்திருந்தால் பயப்பட வேண்டாம். டிரம் சுற்றும் திசையில் இழுபடுகிற ஷூ தானாகவே இன்னும் அழுத்திப் பிடிக்கும், அதனால் அது சீக்கிரம் தேயும். ஒரே ஷூவில் உள் ஓரம் 3 மில்லி, வெளி ஓரம் 2 மில்லி என்று சாய்வாகத் தேய்ந்திருந்தால் விஷயம் வேறு. ஷூ கோணியிருக்கிறது, அல்லது பின்தகட்டில் ஷூ உட்காரும் இடம் காய்ந்து துருப்பிடித்து ஷூ நேராக நகரவில்லை. அந்த இடத்தைச் சுரண்டி, சூடு தாங்கும் கிரீஸ் பொட்டு மாதிரி வைத்தால் போதும். அள்ளி அப்பினால் உருகி லைனரில் இறங்கிவிடும்.

லைனர் முகம் கண்ணாடி மாதிரி பளபளத்தால் அது சூட்டில் இறுகிவிட்டது. லேசாக இருந்தால் 80 நம்பர் உப்புத்தாளில் தேய்த்து மங்கலாக்கிப் போடலாம். விரிசல் விட்டிருந்தாலோ ஓரம் உதிர்ந்திருந்தாலோ அளவு எவ்வளவு இருந்தாலும் மாற்றிவிட வேண்டும். டிரம்முக்குள் நீலமும் ஊதாவுமாகத் திட்டுத்திட்டாகத் தெரிந்தால் அந்த இடங்கள் அதிகச் சூடு கண்டவை. அங்கே இரும்பு கெட்டித்துப் போயிருக்கும், பிரேக் பிடிக்கும்போது காலில் தட்டுகிற மாதிரி உதறும். மயிரிழை வெடிப்பு கண்ணில் பட்டால் அந்த டிரம் பழைய இரும்புக் கடைக்குத்தான்.

லைனர் ஈரமாக இருந்தால் எது கசிகிறது என்று பார்க்க வேண்டும். பிரேக் ஆயில் நீர்த்திருக்கும், தண்ணீர் பட்டால் கரைந்து போகும், பட்ட இடத்தில் பெயிண்ட் உரியும். அது வீல் சிலிண்டர் ரப்பர் கப்பிலிருந்து வருவது. தண்ணீரில் கரையாமல் கெட்டியாக, வழுவழுப்பாக இருந்தால் கியர் ஆயில் அல்லது கிரீஸ், ஆயில் சீல் போயிருக்கிறது. எதுவாக இருந்தாலும் கசிவை அடைத்த பிறகுதான் புது ஷூ. ஆயில் குடித்த லைனரைப் பெட்ரோலில் கழுவியோ தீயில் வாட்டியோ மறுபடி போடுவது பல இடங்களில் நடக்கிறது. மேலே காய்ந்த மாதிரி தெரியும். அடுத்த சூட்டில் உள்ளே ஊறிய ஆயில் வெளியே வரும். ஒரு பக்கச் சக்கரம் மட்டும் பிடிக்காமல் வண்டி இன்னொரு பக்கம் இழுக்கும். முன்னால் ஒரே சக்கரம் உள்ள வண்டியில், வளைவில், லோடோடு அப்படி இழுத்தால் கவிழ்வதற்கு அதுவே போதும். ஆகவே ஒரு பக்கம் ஷூ கெட்டாலும் பின்சக்கரம் இரண்டுக்கும் ஒரே கம்பெனி, ஒரே வகை ஷூதான் சேர்த்துப் போட வேண்டும். இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

டிரம்மில் கோடு விழுந்திருந்தால் லேத்தில் கொடுத்துக் கடையலாம். சேலத்தில் லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லை. ஆனால் அதிகபட்ச உள்விட்டம் எவ்வளவு என்று டிரம்மிலோ கம்பெனி மேனுவலிலோ பார்த்துவிட்டுத்தான் கடைய வேண்டும், அதைத் தாண்டினால் புது டிரம். இடது வலது இரண்டையும் ஒரே அளவுக்குக் கடைய வேண்டும். கடைந்து மெலிந்த டிரம் சூட்டைத் தாங்குவதும் குறையும். டவுன் வண்டிக்கு ஓடுகிற மெலிந்த டிரம் மலை வண்டிக்கு ஆகாது.

பழைய ஷூவுக்கு லைனர் மட்டும் புதிதாக அடித்துக் கொடுக்கும் கடைகள் நன்றாகவே செய்கின்றன. ரிவிட் நடுவில் ஆரம்பித்து ஓரத்துக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் லைனருக்கும் ஷூவுக்கும் இடையில் காற்று நின்றுவிடும். லைனர் ஷூவோடு முழுக்கப் படிந்திருக்கிறதா என்று வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள், இடையில் வெளிச்சம் தெரியக் கூடாது. டிரம்மோடு பொருந்துகிறதா என்று பார்க்கச் சாக்பீஸ் போதும். டிரம்மின் உள்பக்கம் சாக்பீஸ் பூசி, ஷூவைக் கையால் வைத்து அழுத்தி இரண்டு தடவை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். லைனரின் நடுப்பகுதி முழுக்க வெள்ளை படிந்தால் நல்லது. இரண்டு நுனியில் மட்டும் படிந்தால் பிரேக் கத்தும், திடீர் என்று கவ்வும். நுனியை அரத்தால் கொஞ்சம் சாய்த்துவிட்டு மறுபடி பாருங்கள்.

அடுத்தது பிரேக் ஆயில். மலையில் பிரேக் பிடிக்கவில்லை என்றால் இரண்டு விதமாக நடக்கும், இரண்டுக்கும் மருந்து வேறு. பெடல் கல் மாதிரி கெட்டியாக இருக்கிறது, எவ்வளவு மிதித்தாலும் வண்டி நிற்கவில்லை என்றால் லைனர் சூடேறி வழுக்குகிறது. பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போய் பலகையைத் தொடுகிறது என்றால் வீல் சிலிண்டரில் ஆயில் கொதித்து ஆவியாகிவிட்டது. ஆவியை அழுத்தினால் சுருங்கும், ஷூவைத் தள்ளாது. இரண்டுக்கும் நடுவே இன்னொன்றும் உண்டு. சூட்டில் டிரம் விரிவதால் ஷூ கூடுதல் தூரம் போக வேண்டியிருக்கும், பெடல் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கும். டிஸ்க் பிரேக்கில் இந்தத் தொந்தரவு இல்லை. அட்ஜஸ்ட் சரியில்லாத டிரம்மோடு மலை இறங்குவது ஏன் ஆபத்து என்பது இதிலேயே தெரியும்.

பிரேக் ஆயிலில் டாட் 3, டாட் 4 என்று தரம் உண்டு. டாட் 3 ஆயில் புதிதில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. தண்ணீர் சேர்ந்தபின் அந்த அளவு 140 ஆகிவிடும். டாட் 4-க்கு 230, 155. ஆயில் காற்றிலிருந்து ஈரத்தைத் தானாகவே உறிஞ்சும், ஏற்காட்டுப் பனியிலும் ஐப்பசி கார்த்திகை மழையிலும் இன்னும் சீக்கிரம். மலை வண்டிக்கு வருடத்துக்கு ஒரு தடவை முழு ஆயிலையும் மாற்றிவிடுங்கள், மழை முடிந்த தை மாதம் அதற்கு நல்ல நேரம். மூடி திறந்து பாதி மிச்சம் வைத்த பாட்டில் ஆயிலை ஊற்ற வேண்டாம். எஞ்சின் ஆயிலோ வேறு எந்த ஆயிலோ ஒரு சொட்டு விழுந்தாலும் ரப்பர் கப் எல்லாம் ஊதிப்போகும்.

ஆயில் மாற்றியபின் பைப்பில் நிற்கும் காற்றை எடுக்கும்போது மாஸ்டர் சிலிண்டரிலிருந்து பைப் நீளம் அதிகமுள்ள சக்கரத்தில் ஆரம்பியுங்கள். ஒருவர் மிதித்துப் பிடித்திருக்க, இன்னொருவர் வீல் சிலிண்டரில் காற்று விடுவதற்கென்று இருக்கும் நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். மூடிய பிறகுதான் காலை எடுக்க வேண்டும். குழாயில் குமிழி வராமல் ஆயில் மட்டும் வரும் வரை செய்யுங்கள். டப்பாவில் ஆயில் மட்டம் மெதுவாகக் குறைவதைக் கண்டு பலர் ஊற்றி நிரப்பிவிடுகிறார்கள். லைனர் தேயத் தேய மட்டம் கொஞ்சம் இறங்குவது இயல்பு. மேல் கோடு வரை நிரப்பிவிட்டால், புது ஷூ போட்டு பிஸ்டன் உள்ளே போகும்போது ஆயில் வெளியே வழியும். கீழ்க் கோட்டுக்குப் பக்கத்தில் வந்தால் டிரம்மைத் திறந்து பாருங்கள். ஒரே வாரத்தில் இறங்கினால் அது கசிவு.

இறங்கும் முறை லைனரின் ஆயுளைப் பாதியாக்கும் அல்லது இரட்டிப்பாக்கும். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள், லோடு அதிகம் என்றால் அதற்கும் ஒன்று குறைத்து. வளைவுக்கு முன்னாலேயே கியரைக் குறைத்துவிட வேண்டும். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் போட்டு, சாவியையும் அணைத்து உருட்டிக்கொண்டு வருகிறவர்கள் மிச்சம் பிடிக்கும் காசு ஒரு செட் ஷூவுக்குக்கூடக் காணாது. பெடலில் லேசாகக் கால் வைத்தபடியே இறங்குவதும் தப்பு. வேகம் 25 வரை ஏறட்டும், நன்றாக அழுத்தி 15-க்குக் கொண்டுவந்து, முழுக்க விட்டுவிடுங்கள். விட்டிருக்கும் அந்தச் சில விநாடிகளில்தான் டிரம் மூச்சு வாங்கும். பழைய டூ ஸ்ட்ரோக் வண்டிகளில் எஞ்சின் இழுத்துப் பிடிப்பது குறைவு, அவை லோடைக் குறைத்துத்தான் இறங்க வேண்டும். தர்மபுரியிலிருந்து வரும்போது தொப்பூர் கணவாயில் லாரிகள் பிரேக் பிடிக்காமல் மோதுவதற்கும் இந்தச் சூடுதான் முக்கியக் காரணம்.

கருகல் வாடை மூக்கில் ஏறினால் அகலமான இடம் பார்த்து ஒதுங்கி, 20 நிமிடமாவது நிற்க வேண்டும். டிரம்மில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், வார்ப்பிரும்பு வெடித்துவிடும். சூடான டிரம்மில் ஹேண்ட் பிரேக்கை இறுக்கிப் போட்டு நிறுத்தினால், ஆறும்போது டிரம் சுருங்கி வட்டம் கோணலாகும், ஷூவும் ஒட்டிக்கொள்ளலாம். கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். கிளம்பும்போது அந்தக் கல்லை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டுப் போங்கள். நடுரோட்டில் கிடக்கும் அந்தக் கல் பனியில் பைக் ஓட்டி வருகிறவர் கண்ணுக்குத் தெரியாது.

நிற்கும்போதே ஒரு சோதனை செய்துவிடலாம். மூன்று டிரம்முக்கும் பக்கத்தில், தொடாமல், புறங்கையைக் கொண்டுபோங்கள். பின்சக்கரம் இரண்டும் ஒரே அளவு சுட வேண்டும். ஒன்று அனலாகவும் மற்றது வெதுவெதுப்பாகவும் இருந்தால், ஆறியிருக்கும் சக்கரம் வேலை செய்யவில்லை, அதன் பங்கையும் மற்றவை சுமக்கின்றன. பெரும்பாலும் வீல் சிலிண்டர் பிஸ்டன் துருவில் இறுகியிருக்கும். பிரேக்கே பிடிக்காமல் சமதரையில் ஓடிவந்தும் ஒரு சக்கரம் சுடுகிறது என்றால் ஷூ திரும்பி வரவில்லை. ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், ஹேண்ட் பிரேக் கேபிள் உறைக்குள் மண் சேர்ந்து இறுகியிருக்கலாம். கேபிளைக் கழற்றி ஆயில் விட்டும் வழுக்கவில்லை என்றால் மாற்றிவிடுங்கள். கேபிள் இறுகியதால் 3,000 கிலோமீட்டரில் முடிந்துபோகும் லைனர்கள் உண்டு.

டவுன் ஓட்டத்தில் எதிரி வேறு. ஐந்து ரோடு, நான்கு ரோடு நெரிசலில் சூடு குறைவு, ஆனால் மிதிப்பது அதிகம். செட்டிச்சாவடி, கருப்பூர் பக்கம் வெள்ளைக்கல் சுரங்க ரோட்டில் ஓடுகிற வண்டிகளில் டிரம்மைத் திறந்தால் மாவு மாதிரி தூசி படிந்திருக்கும். டிரம் மூடியிருப்பதால் உள்ளே போன தூசி சுலபத்தில் வெளியே வராது, லைனருக்கும் டிரம்முக்கும் நடுவே கிடந்து அரைக்கும். அந்த வண்டிகளுக்கு 5,000 வரை காத்திருக்காமல் 3,000-க்கு ஒரு தடவை திறந்து துடைப்பது நல்லது.

பேட்டரி ஆட்டோ வைத்திருப்பவர்களுக்கு டவுனில் லைனர் நிறைய நாள் வரும், ஆக்சிலேட்டரை விட்டதும் மோட்டாரே வண்டியைப் பிடித்து பேட்டரிக்குக் கரண்ட் அனுப்புகிற அமைப்பு இருந்தால். ஆனால் மேலே முழு சார்ஜ் போட்டுக்கொண்டு இறங்க ஆரம்பித்தால் அந்தக் கரண்டை வாங்க பேட்டரியில் இடம் இருக்காது. மோட்டார் பிடிப்பு குறைந்து, எல்லாம் ஷூவின் தலையில் விழும். மலை இறங்குகிற நாளில் சார்ஜைக் கொஞ்சம் குறைவாகவே நிறுத்திக்கொள்ளுங்கள். பிரேக் அதிகம் உபயோகப்படாததால் டிரம் துருப்பிடிப்பதும் இந்த வண்டிகளில் உண்டு.

மாற்றுத்திறனாளிகளுக்கான இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர்களையும் சொல்லியாக வேண்டும். பெரும்பாலும் பக்கச் சக்கரங்களில் பிரேக் இருப்பதில்லை. கூடுதல் சட்டமும் சக்கரமும் சேர்ந்த எடையை ஸ்கூட்டரின் பழைய சின்ன டிரம்மே தாங்குகிறது, அதன் விட்டம் பல மாடல்களில் 130 மில்லிதான். கியர் இல்லாத வண்டி என்பதால் எஞ்சின் பிடிப்பும் குறைவு. இரு சக்கர ஸ்கூட்டருக்குக் கம்பெனி சொன்ன சர்வீஸ் இடைவெளியை நம்பாமல், அதில் பாதியிலேயே திறந்து பாருங்கள். பிரேக் லீவரின் வெற்றோட்டம், அதாவது பிரேக் பிடிக்க ஆரம்பிப்பதற்கு முன் அது சும்மா நகரும் தூரம், 10 முதல் 20 மில்லிக்குள் இருக்கட்டும். பின் டிரம்முக்கு வெளியே அம்புக்குறி இருக்கும். பிரேக்கைப் பிடித்தபடி பார்த்தால் அந்த அம்பு, தகட்டில் உள்ள குறிக்கு நேராக வந்துவிட்டால் ஷூ முடிந்தது. கேபிள் நட்டை இன்னும் முறுக்கி ஓட்டக் கூடாது. முன்னால் டிஸ்க் உள்ள மாடல் என்றால் பேட்டின் உராயும் பகுதி 2 மில்லிக்கு வந்ததும் மாற்றிவிடுங்கள். காலை ஊன்றிச் சமாளிக்க முடியாதவர்கள் ஓட்டுகிற வண்டி இது. மெக்கானிக்குகள் இதை வரிசையில் நிறுத்தாமல் முதலில் எடுத்துப் பார்க்க வேண்டும்.

புது ஷூ போட்ட அன்றே லோடு ஏற்றி மலைக்குப் போகக் கூடாது. புது லைனர் டிரம்மோடு அங்கங்கேதான் தொடும், தொடுகிற இடம் மட்டும் கருகி, கண்ணாடியாகிவிடும். சக்கரத்தைத் தூக்கி, கையால் சுற்றினால் லேசாக உரசும் சத்தம் கேட்கும் அளவுக்கு அட்ஜஸ்டரை வைத்து, அதிலிருந்து ஒரு பல் தளர்த்துங்கள். வெறும் வண்டியோடு கொண்டலாம்பட்டிப் பக்கம் பைபாஸை ஒட்டிய சர்வீஸ் ரோடு மாதிரி கூட்டமில்லாத சமதரைக்குப் போய், 30 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10 வரை மிதமாகப் பிடித்து விடுவதை 20 தடவை செய்யுங்கள், ஒவ்வொன்றுக்கும் நடுவே அரை கிலோமீட்டர் ஓட விட்டு. முதல் 200 கிலோமீட்டர் டவுனுக்குள்ளேயே ஓடட்டும். அதற்குள் லைனர் படிந்து பெடல் கொஞ்சம் இறங்கியிருக்கும், மறுபடி ஒரு தடவை அட்ஜஸ்ட் செய்து, வீல் நட்டுகளையும் முறுக்கிப் பார்த்த பிறகு அடிவாரம் தாண்டலாம்.